சிங்கப்பூரில் இறந்தவரின் பணமும் சொத்தும்: ஊரில் இருக்கும் வாரிசுகள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

#1 காவிரிக்கரை

தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். சிங்கப்பூர் நடைமுறை தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

இறந்தவருக்கு வயது 47. இந்திய பாஸ்போர்ட், சிங்கப்பூர் நிரந்தரவாசி, அங்கே 14 வருடம் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள் (வயது 16, 11), வயதான அம்மா எல்லாரும் ஊரில். இந்துக் குடும்பம். உயில் இல்லை. சிபிஎஃப்பில் (சம்பளத்திலிருந்து பிடிக்கும் சிங்கப்பூர்க் கட்டாயச் சேமிப்பு) நாமினி போட்டிருந்தாரா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தனிப்பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, ஏறக்குறைய 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). உடல் ஊருக்கு வந்து காரியமெல்லாம் முடிந்துவிட்டது.

தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பெயர். அதை ஸ்கேன் செய்து சிங்கப்பூர் வங்கிக்கு அனுப்பியதற்கு, நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், மொத்தத் தொகையில் 15 சதவீதம் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். சரியான வழி எது?

#2 தேக்கா_தமிழன்

முதலில் அந்த ஏஜென்ட் கொடுக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இறந்தவரின் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். இவர்களுக்கு வர வேண்டிய பணத்தில் பெரிய பகுதிக்கு வழக்கறிஞரே தேவைப்படாமல் போகலாம்.

எல்லாவற்றையும் "சிங்கப்பூர்ப் பணம்" என்று ஒரே மூட்டையாகப் பார்ப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. சிபிஎஃப் தனி, காப்புறுதி தனி, வங்கிக் கணக்கு தனி. மூன்றுக்கும் வேறு வேறு கதவு.

சிபிஎஃப், இங்கே மத்திய சேம நிதி என்போம், இறந்தவரின் எஸ்டேட்டில், அதாவது அவர் விட்டுச்சென்ற சொத்துத் தொகுப்பில், சேராது. உயில் எழுதியிருந்தாலும் அந்தப் பணத்தை உயில் கட்டுப்படுத்தாது. நாமினேஷன் இருந்தால் நாமினிக்கு நேரே போகும். இல்லாவிட்டால் சிபிஎஃப் கழகம் அதைப் பப்ளிக் டிரஸ்டி என்ற அரசு அலுவலகத்துக்கு அனுப்பிவிடும், அவர்கள் உயிலில்லாதோர் வாரிசுரிமைச் சட்டப்படி பிரித்துக் கொடுப்பார்கள். விண்ணப்பம் இணையத்திலேயே செய்யலாம். அவர்களுடைய கட்டணத்தை அந்தப் பணத்திலேயே கழித்துக்கொள்வார்கள், முன்பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று. கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரில் நாமினேஷன் செய்திருந்தால், கல்யாணம் நடந்த நாளிலேயே அது ரத்து. பிறகு புதிதாகச் செய்திருக்காவிட்டால் நாமினி இல்லாத கணக்காகவே நடத்துவார்கள். விவாகரத்து ஆனால் நாமினேஷன் தானாக ரத்தாகாது. இரண்டையும் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிரந்தரவாசி, 47 வயது என்பதால் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டத்தையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். முதல் சிபிஎஃப் சந்தா கட்டும்போதே குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் தானாகச் சேர்க்கும் ஆயுள் காப்புறுதி அது. பிரீமியம் சிபிஎஃப் கணக்கிலிருந்தே கழிவதால், வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருக்கும். அவர் விலகாமலும் பாலிசி காலாவதியாகாமலும் இருந்தால் 60 வயதுவரை 70,000 வெள்ளி. 60 தாண்டி 65 வரை 55,000. 2021 ஏப்ரலிலிருந்து இந்தத் தொகைகள். கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம் நடத்துகிறது. வேலை பார்த்த கம்பெனியில் குழுக் காப்புறுதி இருந்ததா என்றும் மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்கட்டும்.

#3 படிக்கட்டு

தேக்கா அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் நாமினி என்ற சொல்லே நம்மை ஏமாற்றும். இந்தியாவில் வங்கி நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்பவர், அவ்வளவுதான். உரிமை வாரிசுகளுக்கே. அண்ணன் நாமினி என்றாலும் மற்றவர்கள் பங்கு கேட்கலாம். சிங்கப்பூர் சிபிஎஃப்பில் அப்படிக் கிடையாது, நாமினியே அந்தப் பணத்துக்கு உரியவர். அங்கே நாமினி பெயர் இருந்து, ஊர் வழக்கப்படி "எங்களுக்கும் பங்கு உண்டு" என்று மற்ற உறவினர்கள் எழுதினால் எழுதியதோடு சரி.

நாமினிக்கு 18 வயது நிறையவில்லை என்றால் அவர் பங்கு பப்ளிக் டிரஸ்டி கையில் 18 வரை இருக்கும். பயப்பட வேண்டாம், பணம் எங்கும் போகாது.

#4 சென்னை_வக்கீல்

வங்கிக் கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வங்கி சொன்னது சரிதான். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இன்னார் இன்னார் உறவினர் என்று காட்டும் வருவாய்த் துறை ஆவணம். இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஒருவருக்கு அதிகாரம் தரும் நீதிமன்ற ஆவணம் அல்ல. சிங்கப்பூர் வங்கிக்கு வேண்டியது பின்னது. உயில் இருந்தால் ப்ரோபேட், அதாவது உயிலை உறுதிசெய்யும் நீதிமன்ற ஆணை. உயில் இல்லாததால் இங்கே லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், சுருக்கமாக எல்.ஏ. சிங்கப்பூர்க் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வீண் என்று சொல்லவில்லை. எல்.ஏ. மனுவில் உறவை நிரூபிக்கும் துணை ஆவணமாக அது உதவும்.

நம்மூர் மாவட்ட நீதிமன்றத்தில் வாங்கும் சக்சஷன் சர்டிபிகேட்டை அனுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் கீழ் வரும் அந்தச் சான்றிதழ் கடன்களுக்கும் பத்திரங்களுக்கும் உரியது. முழு எஸ்டேட்டுக்கான அதிகாரம் அதில் இல்லை. காமன்வெல்த் நாட்டு நீதிமன்றம் தந்த ப்ரோபேட் அல்லது எல்.ஏ.வைச் சிங்கப்பூரில் மறுமுத்திரை இட்டு ஏற்றுக்கொள்வார்கள், இந்தியாவும் அதில் அடக்கம். இரண்டு நாட்டிலும் பெரிய சொத்து இருந்தால் அது யோசிக்கத் தகுந்த வழி. ஒரே ஒரு வங்கிக் கணக்குக்காக இங்கே ஒரு மனு, அங்கே ஒரு மனு என்று இரட்டை வேலை வேண்டாம். நேரே சிங்கப்பூரிலேயே போடலாம்.

"ஏறக்குறைய 60,000" என்று சொல்கிறீர்கள். இறந்த தேதியன்று இருந்த சரியான இருப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். சிபிஎஃப் நீங்கலாக எஸ்டேட்டின் மதிப்பு 50,000 வெள்ளிக்குள் என்றால் பப்ளிக் டிரஸ்டியே நிர்வகிக்க வாய்ப்பு உண்டு, எல்.ஏ. தேவையில்லாமல் போகும்.

60,000 தான் என்றால், பிள்ளைகள் மைனர் என்பதால் நிர்வாகிகள் குறைந்தது இருவர் வேண்டும். மனைவி ஒருவர், நம்பிக்கையான இன்னொருவர். நான்கு பேருக்கு மேல் போக முடியாது. இறந்து 6 மாதம் தாண்டி விண்ணப்பித்தால் ஏன் தாமதம் என்று பிரமாணப் பத்திரத்தில் விளக்க வேண்டும். உரிமை போய்விடாது, ஆனால் வேலை கூடும்.

எஸ்டேட் வரி பற்றிக் கவலை வேண்டாம். 2008 பிப்ரவரி 15 முதல் நிகழ்ந்த இறப்புகளுக்குச் சிங்கப்பூரில் அந்த வரியே இல்லை.

#5 காவிரிக்கரை

மிக்க நன்றி. இப்போது பெரிய கேள்வி. வாரிசுச் சான்றிதழில் தாயார் பெயரும் இருக்கிறது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் தாய்க்குப் பங்கு கிடையாது என்று ஏஜென்ட் சொன்னாராம். அந்த அம்மாவுக்கு 74 வயது. மகனையே நம்பி இருந்தவர். உண்மையா?

#6 தேக்கா_தமிழன்

சிங்கப்பூர்ச் சட்டப்படி ஆமாம். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பெற்றோருக்கு அங்கே இடமில்லை. பிள்ளைகள் இல்லாமல் மனைவியும் பெற்றோரும் இருந்தால்தான் பாதிக்குப் பாதி. 60,000 என்றால் மனைவிக்கு 30,000, பிள்ளைகளுக்குத் தலா 15,000.

#7 சென்னை_வக்கீல்

பொறுங்கள். வங்கிப் பணத்துக்கு அப்படி உடனே சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரின் உயிலில்லாதோர் வாரிசுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் பாருங்கள். அசையாச் சொத்து சிங்கப்பூரில் இருந்தால், இறந்தவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சிங்கப்பூர்ச் சட்டமே. அசையும் சொத்துக்கு, இறக்கும்போது அவருடைய டொமிசில், அதாவது நிலையான தாய்வீடு, எந்த நாடோ அந்த நாட்டுச் சட்டம். வங்கிப் பணம் அசையும் சொத்து.

டொமிசில் இந்தியா என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 வரும். 8ஆம் பிரிவில் முதல் வகுப்பு வாரிசுகள்: மகன், மகள், மனைவி, தாய். எல்லாருக்கும் ஒவ்வொரு பங்கு. தகப்பனார் இரண்டாம் வகுப்பு, தாய் முதல் வகுப்பு. அதே 60,000 நான்காகப் பிரிந்து தலா 15,000 ஆகும். தாய்க்கும் 15,000. ஏஜென்ட் சொன்ன ஒரு வாக்கியத்தில் அந்த அம்மாவின் 15,000 வெள்ளி காணாமல் போகிறது.

#8 தேக்கா_தமிழன்

ஒப்புக்கொள்கிறேன், வொர்க் பெர்மிட்காரர் என்றால் சந்தேகமே இல்லை, இந்திய டொமிசில்தான். ஆனால் இவர் 14 வருட நிரந்தரவாசி. சிங்கப்பூர் டொமிசில் என்று ஆகாதா?

#9 சென்னை_வக்கீல்

நிரந்தரவாசி அட்டை மட்டும் டொமிசிலைத் தீர்மானிக்காது. கடைசிவரை எங்கே வாழ நினைத்தார் என்பதுதான் கேள்வி. அவர் நடந்துகொண்ட விதத்தை வைத்து அதைப் பார்ப்பார்கள். மனைவி மக்கள் எங்கே இருந்தார்கள், பிள்ளைகள் எங்கே படித்தார்கள், வீடு எங்கே கட்டினார், பாஸ்போர்ட் எந்த நாடு, சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாரா, ஓய்வுக்குப் பிறகு எங்கே இருக்கப்போவதாகச் சொன்னார். இங்கே குடும்பம் முழுக்க ஊரில், பாஸ்போர்ட் இந்தியா. பிறப்பால் வந்த டொமிசிலை விட்டுவிட்டார் என்று நிரூபிப்பது அவ்வளவு எளிதல்ல. இந்திய டொமிசில் என்று வலுவாக வாதிடலாம்.

எல்.ஏ. விண்ணப்பத்தில் டொமிசில் எது என்று எழுத வேண்டிய இடம் இருக்கிறது. சிங்கப்பூர் வழக்கறிஞர் வழக்கம்போல "சிங்கப்பூர்" என்று நிரப்பிவிட்டால் தாயாரின் பங்கு அங்கேயே போய்விடும். இந்தியா என்று போட்டால், இந்தியச் சட்டத்தில் யாருக்கு எவ்வளவு என்று ஓர் இந்திய வழக்கறிஞரின் பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். கூடுதல் செலவுதான், ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அது நியாயமான செலவு.

இங்கே எழுதியிருக்கும் விவரத்தை வைத்துச் சொல்கிறேன். முழுத் தாள்களையும் பார்த்துச் சிங்கப்பூர் வழக்கறிஞர்தான் முடிவு செய்ய வேண்டும்.

#10 படிக்கட்டு

எந்தச் சட்டம் வந்தாலும், மனைவி மனமிருந்தால் தன் பங்கிலிருந்து மாமியாருக்குக் கொடுக்கலாம். வயது வந்த வாரிசுகள் தங்களுக்குள் குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். பிள்ளைகளின் பங்கில் மட்டும் கை வைக்க முடியாது. "பிள்ளைகள் சார்பில் நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்று அம்மா எழுதினால் செல்லாது.

#11 பத்திரமேசை

சட்டம் எல்லாம் சரி. இந்த விஷயம் முக்கால்வாசி இடத்தில் நின்றுபோவது பெயரில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மூர்ப் பெயர் ஒரு நாட்டிலும் ஒரே மாதிரி இருக்காது. ரேஷன் கார்டில் "மு. செல்வம்". ஆதாரில் "செல்வம் முத்து". பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி "முத்து செல்வம்". சிங்கப்பூர் அடையாள அட்டையிலோ பாஸ்போர்ட்டில் இருந்தபடி. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வெறும் "செல்வம்", அதுவும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. சிங்கப்பூர் அதிகாரிக்கு இவை நான்கு பேர். ஒருவர்தான் என்று நாம் காட்ட வேண்டும்.

அதனால் முதலில் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு ஆவணத்திலும் இறந்தவர், மனைவி, பிள்ளைகள், தாய் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது, பிறந்த தேதி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கே மாறுகிறதோ அங்கெல்லாம் "இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று நோட்டரி முன்பு பிரமாணப் பத்திரம். எத்தனை விதமாகப் பெயர் வருகிறதோ அத்தனையும் ஒரே பத்திரத்தில் வர வேண்டும். மூன்றைப் போட்டு நான்காவதை விட்டால், மறுபடி முதலிலிருந்து எல்லா முத்திரையும் வாங்க வேண்டும்.

அடுத்தது திருமணச் சான்று. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணமும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2009-இல்தான் வந்தது. அதற்கு முன்பு கோயிலிலோ மண்டபத்திலோ நடந்த கல்யாணத்துக்குத் தாள் இருக்காது. ஒருவர் இறந்தபின் பதிவு செய்யவும் வழியில்லை. அப்போது வேறு சான்றுகளைச் சேர்க்க வேண்டும். முதல் இடம் பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் இருக்கும் பக்கத்துக்கு. பிறகு இருவர் பெயரும் உள்ள பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது, கல்யாணத்தில் இருந்த இருவரின் பிரமாணப் பத்திரம். ஒன்றை மட்டும் அனுப்பாமல் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

இறந்தவரின் பாஸ்போர்ட்டை ரத்து செய்ய இந்தியத் தூதரகத்தில் கொடுத்திருப்பார்கள். ரத்தான பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்திருந்தால் பத்திரமாக வையுங்கள், தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மேற்சொன்ன துணைவர் பெயர்ப் பக்கம் அதில்தான் இருக்கிறது.

சிங்கப்பூர் இறப்புச் சான்றிதழ் 2022 மே 29 முதல் மின்னணு வடிவம் மட்டுமே. 30 நாளுக்குள் தரவிறக்கம் செய்துகொள்ள வேண்டும். ஊரில் இருப்பவர்கள், அங்கே இறுதிக் காரியம் பார்த்தவரிடம் அந்தக் கோப்பை உடனே கேட்டு வாங்கி இரண்டு மூன்று இடத்தில் சேமித்து வைக்கட்டும். அச்சிட்ட தாளைப் பார்த்து நம்மூர் அலுவலகங்களில் "அசல் எங்கே?" என்பார்கள். அதற்கு அப்போஸ்டில், அதாவது வேறு நாட்டிலும் ஆவணம் உண்மையென்று ஏற்கச் செய்யும் முத்திரை, வாங்கிவிட்டால் பேச்சு நிற்கும். சிங்கப்பூரில் அதைத் தருவது சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா. 2021 செப்டம்பர் 16 முதல் அந்த நாடு அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. இந்தியா 2005 முதலே இருக்கிறது.

இங்கிருந்து போகும் தாள்களுக்கும் அதே முத்திரை. வாரிசுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் போன்றவை முதலில் தமிழ்நாடு அரசின் சான்றொப்பம் பெற வேண்டும், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். அமைச்சகக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், அதை வாங்கித் தரும் முகவர் நிறுவனத்தின் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழில் இருக்கும் தாளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். எந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பார்கள் என்று அந்த அலுவலகத்தையே கேட்டுவிட்டுப் பிறகு செய்யுங்கள், இரண்டு முறை செலவாகாது.

#12 காவிரிக்கரை

கட்டம் போடும் யோசனை அருமை, இன்றே உட்காருகிறோம். இறந்தவரின் மனைவிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், பாஸ்போர்ட்டும் இல்லை. சிங்கப்பூர் போகாமல் முடியுமா?

#13 சென்னை_வக்கீல்

முடியும். சிங்கப்பூரில் இருக்கும் நம்பகமான உறவினர் ஒருவருக்குப் பவர் எழுதிக்கொடுத்தால், அவர் இவர்கள் சார்பாக எல்.ஏ. வாங்க விண்ணப்பிக்கலாம். பவர் பத்திரத்தைச் சிங்கப்பூர் வழக்கறிஞர் எழுதி அனுப்ப, இங்கே நோட்டரி முன்பு கையெழுத்துப் போட்டு அப்போஸ்டில் வாங்கி அனுப்புவது ஒழுங்கு. நாமே இங்கே பொதுப் பவர் எழுதி அனுப்பினால், வேண்டிய வாசகம் இல்லை என்று திரும்பிவிடும்.

ஆங்கிலத்தில் இருக்கும் பிரமாணப் பத்திரத்தில் தமிழ் மட்டும் தெரிந்தவர் கையெழுத்துப் போட்டால், அதைத் தமிழில் வாசித்துப் புரியவைத்ததாக மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி அதன் கீழே இருக்க வேண்டும். இது விடுபட்டால் பதிவகத்தில் நிற்கும். உண்மையிலேயே வாசித்துச் சொல்ல வையுங்கள், வெறும் சம்பிரதாயமாக விட்டுவிட வேண்டாம். டொமிசில் எந்த நாடு என்று எழுதியிருக்கிறது என்பதும் அந்தத் தாள்களில்தான் வரும்.

பவரில் இன்னொரு எச்சரிக்கை. எல்.ஏ. பெற்று, இந்தக் கணக்கை வசூலித்து, வாரிசுகளின் கணக்குக்கு அனுப்ப என்று அதிகாரத்தை எல்லை கட்டுங்கள். "என் சொத்துகள் அனைத்தையும்" என்று ஊர்ச் சொத்தையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

வழக்கறிஞர் கட்டணத்தை மொத்தமாக, எழுத்தில் கேளுங்கள். அரசுக் கட்டணம் உள்ளடக்கமா, வெளிநாட்டுச் சட்டப் பிரமாணப் பத்திரம் உள்ளடக்கமா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

#14 நாகூர்_நண்பர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இறந்தவர் முஸ்லிம் என்றால் மேலே சொன்ன பங்குக் கணக்கு பொருந்தாது. சிங்கப்பூர் ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும், பாகப்பிரிவினை ஃபராயிள் என்ற இஸ்லாமியப் பங்கு முறைப்படி. அந்தச் சான்றிதழ் பங்கை மட்டுமே சொல்லும். வங்கிப் பணத்தை எடுக்க எல்.ஏ. தனியாக வேண்டும். இரண்டும் ஒன்றென்று நினைத்து முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

#15 வெண்ணாறு

இந்த இழையிலேயே கேட்கிறேன். சிங்கப்பூர்க் குடிமகனான பெரியவர், மனைவி முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, பெற்றோரும் இல்லை. தனிப்பெயரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு. ஊரில் ஒரு தம்பி, ஒரு தங்கை உயிரோடு. இன்னொரு தம்பி முன்பே இறந்துவிட்டார், அவருக்கு மூன்று பிள்ளைகள். யாருமே சிங்கப்பூர்க்காரர் இல்லை. வீடு யாருக்கு?

#16 தேக்கா_தமிழன்

அசையாச் சொத்து, ஆகவே சிங்கப்பூர்ச் சட்டம். மனைவி, மக்கள், பெற்றோர் யாரும் இல்லை என்றால் உடன்பிறந்தவர்களுக்குச் சம பங்கு. முன்பே இறந்த தம்பியின் பங்கு அவர் பிள்ளைகளுக்கு இறங்கும். தம்பிக்கு மூன்றில் ஒன்று, தங்கைக்கு மூன்றில் ஒன்று, அந்த மூன்று பிள்ளைகளுக்கும் தலா ஒன்பதில் ஒன்று.

வீட்டை இவர்கள் வைத்துக்கொள்ள முடியாது. குடிமகனோ நிரந்தரவாசியோ அல்லாதவர் வீவக வீட்டுக்கு உரிமையாளராக இருக்க அனுமதி இல்லை. எல்.ஏ. வாங்கிய நிர்வாகி வீட்டை விற்று, கடன் கழித்து, பணத்தைப் பிரிப்பார். கடன் பாக்கி இருந்தால் முதலில் வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தைக் கேளுங்கள். சிபிஎஃப் பணத்தில் தவணை கட்டிய வீவக வீடுகளுக்கு உள்ள கடன் காப்புறுதி அது, பாலிசி நடப்பில் இருந்தால் மீதிக் கடனை அதுவே அடைத்துவிடும்.

பெரியவருக்குக் கூட்டு உரிமையாளர் யாராவது இருந்தாரா என்று பட்டயத்தைப் பாருங்கள். கூட்டுரிமை என்று பதிவாகியிருந்தால் உயிரோடு இருப்பவருக்கே முழு வீடும், எஸ்டேட்டில் சேராது. பங்குரிமை என்று இருந்தால் பெரியவரின் பங்கு மட்டும் வாரிசுகளுக்கு.

#17 மண்வெட்டி

வொர்க் பெர்மிட்டில் இருந்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை, நம்மூரிலிருந்து போகிறவர்களில் அவர்கள்தானே அதிகம். அவர்களுக்குச் சிபிஎஃப் கிடையாது. வேலையால் இறப்பு என்றால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு இறப்பு இழப்பீடு குறைந்தது 91,000 வெள்ளி, அதிகபட்சம் 2,69,000. அதற்கு முந்தைய விபத்து என்றால் 76,000 முதல் 2,25,000 வரை. இறந்தவரின் வயது, சராசரி மாத வருமானம் இரண்டையும் வைத்துக் கணக்கிடுவார்கள். ஓவர்டைம் விட்டுப்போயிருந்தால் தொகை குறையும், ஆகவே சம்பளச் சீட்டுகளை அறையிலிருந்தும் கைபேசியிலிருந்தும் எடுத்து வைப்பது மிக மிக முக்கியம்.

கோரிக்கை ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இந்தச் சட்டத்தின்படி வாங்குவதா, நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போடுவதா, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். முதலாளி கொடுத்த தாளில் "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்று அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. உடலை ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது, இழப்பீட்டில் அதைக் கழிக்க விடாதீர்கள்.

தங்குமிடத்தில் தூக்கத்தில் மாரடைப்பு போன்றவை, வேலைதான் காரணம் என்று காட்ட முடியாவிட்டால், இதில் வராது. அப்போது சம்பள பாக்கி, கம்பெனிக் காப்புறுதி, வங்கி இருப்பு மட்டும்.

#18 நாகூர்_நண்பர்

வளைகுடா பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு வரி. ஐக்கிய அமீரகத்தில் தொழிலாளி இறந்தால் சம்பள பாக்கி, பணிக்கொடை எல்லாவற்றையும் 10 நாளுக்குள் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்று 2021-இன் 33ஆம் எண் சட்டம் சொல்கிறது. பணிக்கொடை முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் 30 நாள். வேலைக் காயத்தால் இறந்தால் 24 மாத அடிப்படைச் சம்பளம், 18,000 திர்ஹாமுக்குக் குறையாமல் 2,00,000-க்கு மேற்படாமல். கணவன் மனைவி கூட்டுக் கணக்கையும் வங்கி முடக்கக்கூடும் என்பதால் வீட்டுச் செலவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அங்கே அப்போஸ்டில் செல்லாது, இங்கிருந்து போகும் ஆவணத்துக்கு அந்நாட்டுத் தூதரக முத்திரை வேண்டும். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போனவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி இருக்கும். விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய். போகும்போது 275 அல்லது 375 ரூபாய் கட்டிய சீட்டு, வீட்டுப் பெட்டியில் எங்கோ கிடக்கும். தேடுங்கள்.

#19 படிக்கட்டு

பணம் வந்து சேரும்போது வரும் கேள்விகளுக்கு: வாரிசாக வந்த தொகைக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. எஸ்டேட் டூட்டியும் 1985-லேயே போய்விட்டது. வந்தபின் அதில் வரும் வட்டிக்கு வரி உண்டு. வெளிநாட்டில் வாழ்ந்தவரிடமிருந்து வாரிசாகக் கிடைத்ததை அங்கேயே வைத்துக்கொள்ள ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் 6(4) அனுமதிக்கிறது. ஆனால் தன் பெயரில் அங்கே கணக்கு வைத்தால் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும், வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டாலும். இந்தக் குடும்பம் பணத்தை ஊருக்குக் கொண்டுவந்துவிடுவதே எளிது. எல்.ஏ. நகல், பங்குக் கணக்கு, வங்கிக் கடிதம் மூன்றையும் ஊர் வங்கியில் கொடுத்து ஒரு நகல் கையில் வையுங்கள்.

இதற்கு நேர்மாறாக, சிங்கப்பூரில் இருக்கும் வாரிசு ஊர் நிலத்துக்காகப் பவர் அனுப்பினால், அது இந்தியாவுக்குள் வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பீரோவில் வைத்து மறந்தால் அந்தப் பவரை வைத்து எதையும் பதிய முடியாது.

#20 காவிரிக்கரை

சிபிஎஃப் கழகத்துக்கும் கம்பெனி மனிதவளப் பிரிவுக்கும் இன்று மின்னஞ்சல் போய்விட்டது. ஏஜென்ட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெயர்க் கட்டம் போட்டதில் மனைவியின் பெயர் நான்கு விதம், இளைய பிள்ளையின் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒரு நாள் தள்ளி இருக்கிறது. பள்ளிச் சான்றை அனுப்ப வேண்டுமா?

#21 பத்திரமேசை

வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் இருக்கும்போது பள்ளிச் சான்றைக் கேட்க மாட்டார்கள். கேட்காத தாளை நாமே அனுப்பி, இல்லாத கேள்வியை எழுப்பக் கூடாது. மனைவியின் நான்கு பெயரும் ஒரே பிரமாணப் பத்திரத்தில் வரட்டும், முதல் பெயராக ஆதாரில் உள்ளது. பணம் வரப்போகும் வங்கிக் கணக்கும் அந்த எழுத்துக்கூட்டலிலேயே இருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு நோட்டரியிடம் போகச் சொல்லுங்கள்.